சுவரேறிய சித்திரம், வழியில் நின்ற பாட்டு

தெலங்கானாவின் கதைப்பாடல் மரபு ஹைதராபாத் சுவர்களில் பளிச்சிடுகிறது. பாடுகிறவர்கள்தான் அருகி வருகிறார்கள்.

ஹைதராபாதின் நெக்லஸ் சாலையை ஒட்டி இருக்கிறது எம்.எஸ். மக்தா. நெருக்கமான வீடுகள், குறுகிய சந்துகள். 2016இல் 'ஸ்டார்ட் இந்தியா' அமைப்பின் ஓவியர்கள் இங்கே வந்து வீட்டுச் சுவர்களையே கித்தானாக்கினார்கள். பிறகு நகரின் பல பகுதிகளிலும் சுவர்கள் வண்ணம் பூசிக்கொண்டன. பதுகம்மா ஆடும் பெண்கள், போனாலு பானை சுமப்பவர்கள், தப்பு அடிக்கும் கலைஞர்கள் என்று கிராமமே நகரத்துக்குக் குடிவந்ததுபோல் ஒரு தோற்றம்.

செந்நிறப் பின்னணியும் அகன்ற கண்களும் கொண்ட சித்திரங்களைப் பார்த்தால் அது சேர்யால் பாணி என்று அறியலாம். ஹைதராபாதிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள ஊர் சேர்யால். அங்குள்ள நகாஷி ஓவியர்கள் வரைந்தது சுவரில் மாட்டுவதற்காக அல்ல, பாடுவதற்காக. கதர்த் துணியில் புளியங்கொட்டைக் கூழும் வெண்களிமண்ணும் பூசிக் காயவைத்து, கதையைக் கட்டம் கட்டமாகத் தீட்டுவார்கள். சில சுருள்கள் 60 அடி வரை நீளும். கதை சொல்பவர் இரவில் அதை விரித்து ஒவ்வொரு கட்டமாகக் காட்டிப் பாட, கூட்டம் விடியும்வரை உட்கார்ந்திருக்கும். ராஜஸ்தானின் ஃபட், வங்கத்தின் படசித்திரம் ஆகியவற்றுக்கு இது நெருங்கிய உறவு.

ஒவ்வொரு சமூகத்துக்கும் தனிப் புராணம், தனிப் பாடகர்கள். நெசவாளர்களான பத்மசாலிகளுக்கு மார்க்கண்டேய புராணம் பாட கூனபுலிகள். மாதிகர்களுக்கு ஜாம்பவ புராணம் பாட டக்கலிகள். பாட்டுக்குக் கூலி தானியமாகவோ காசாகவோ கிடைத்தது. சினிமாவும் டிவியும் வந்ததும் இரவுக் கூட்டம் கலைந்தது. ஓவியர்கள் சமாளித்துக்கொண்டார்கள். சுருள் சிறிய படமானது, முகமூடியானது, சாவிக்கொத்தானது, கடைசியில் சுவருக்கும் ஏறியது. பாடகர்களுக்கு அப்படி மாற்றுவழி வாய்க்கவில்லை.

தர்சனம் மொகிலய்யாவின் கதை இதைச் சொல்லும். நல்லமலைக் காட்டை ஒட்டிய நாகர்கர்னூல் மாவட்டத்தைச் சேர்ந்த டக்கலி கலைஞர் இவர். மூங்கில் தண்டு, சுரைக்குடுக்கைகள், தேன்மெழுகில் ஒட்டிய 12 மெட்டுகள் கொண்ட கின்னெரா இவருடைய வாத்தியம். பணக்காரர்களிடம் கொள்ளையடித்து ஏழைகளுக்குக் கொடுத்த பண்டுக சாயன்னாவின் கதையை அதில் பாடுவார். 2021இல் 'பீம்லா நாயக்' படப் பாட்டில் இவர் குரல் ஒலித்தது. 2022இல் பத்மஸ்ரீ. மாநில அரசும் ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. ஆனால் 2024இல் அவர் கட்டட வேலையில் தினக்கூலியாக இருக்கும் செய்தி வெளியாகி நாடே திடுக்கிட்டது. விருது பெற்றவருக்கே இந்த நிலை என்றால், விருது பெறாத பாடகர்கள்?

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதியில் பிரிஸ்டல் என்று ஒரு சிறு நகரம். 1927இல் ரால்ஃப் பீர் என்ற தயாரிப்பாளர் அங்கே தங்கி, மலைநாட்டுப் பாடகர்களை இசைத்தட்டில் பதிவு செய்தார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அப்படித்தான் உலகுக்குத் தெரிய வந்தார்கள். கடைத்தெருச் சுவர் ஒன்றில் அவர்களைப் பெரிதாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஊர் அதோடு நிற்கவில்லை. 2014இல் அருங்காட்சியகம் திறந்தது. ஆண்டுதோறும் இசை விழாவும் நடக்கிறது. பாடுகிறவருக்கு மேடை இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது.

ஹைதராபாதுக்கு இது எட்டாத காரியமல்ல. சுவருக்கு வண்ணம் வாங்கும்போதே, அதன் முன்னால் மாதம் ஒரு மாலை பாடுவதற்குச் சம்பளமும் ஒதுக்கலாம். சேர்யால் சுருளையும் கின்னெராவையும் ஒன்றாக உட்காரவைக்கலாம். இல்லையென்றால், வாத்தியத்தைச் சுவரில் பார்க்கும் குழந்தை "இது எப்படிச் சத்தம் போடும்?" என்று கேட்கும். பதில் சொல்ல அப்போது யாராவது இருக்க வேண்டும்.