கரையானும் கோழிக்குஞ்சும்

சிட்டுக்குருவி தானியம் கொத்தித் தின்னும் பறவை. ஆயினும், அது தன் குஞ்சுகளுக்கு முதலில் ஊட்டுவது தானியம் அன்று; புழுவும் பூச்சியுமே. விரைந்து வளரும் இளம் உடலுக்குப் புரதம் மிகுதியாக வேண்டும். அது தானியத்தில் குறைவு, பூச்சியில் நிறைவு. இவ்வுண்மையை அறிந்தே, கூண்டில் பறவை வளர்ப்போர் பலர் பூச்சிகளையும் உடன் வளர்க்கின்றனர்.

பூச்சிகளைக் காப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. வெளியே குளிர்ந்தாலும் நம் உடல் தன் வெப்பத்தை இழப்பதில்லை. பூச்சியின் உடலோ சுற்றுப்புறத்தின் வெப்பத்தையே பெரிதும் சார்ந்தது. குளிர் மிகுந்தால் அது உண்ணாது, நகராது, முட்டையிடாது. ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு வாரங்களில் பொரிக்கும் சுவர்க்கோழியின் முட்டை, குளிரில் நெடுநாள் பொரியாமலே கிடக்கும். ஆதலால், குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் பூச்சிப் பெட்டிகளை மின்சாரத்தால் சூடேற்றிக் காக்கின்றனர்.

காரைக்காலில் நிலைமை வேறு. அரசலாறு கடலொடு கலக்கும் இவ்வூரில், மார்கழி, தை மாத இரவுகளிலும் வெப்பம் 20 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. இங்குப் பூச்சிக்குப் பகை குளிர் அன்று, ஈரமே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால் வயலும் கொல்லையும் நீரில் ஊறிவிடும். அந்நாளில் பொரித்த குஞ்சுகளுக்கு இரை தேடுவது எங்ஙனம்?

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இதற்கு எளிய முறை ஒன்று வழங்கிவருகிறது. பழைய மண்பானை ஒன்றில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, வைக்கோல் ஆகியவற்றை இட்டு நிரப்புவர். அவற்றின்மேல் சிறிது நீர் தெளித்து, கரையான் நடமாடும் நிலத்தில் மாலையில் பானையைக் கவிழ்த்து வைப்பர். கரையான்கள் மண்ணினின்று மேலேறி, இரவு முழுதும் அவற்றைத் தின்னும். மறுநாள் கதிரவன் எழுமுன் பானையை எடுத்துத் தட்டினால், குஞ்சுகளுக்கு வேண்டிய இரை கிடைக்கும். காலந்தாழ்த்தினால், வெயிலுக்கு அஞ்சிக் கரையான்கள் மண்ணுள் இறங்கிவிடும். எறும்புகளும் வந்து அவற்றைக் கவர்ந்து செல்லும்.

இம்முறைக்கு விளக்கோ அடுப்போ வேண்டுவதில்லை. ஏனெனில், கரையான் தன் இல்லத்தைத் தானே காத்துக்கொள்கிறது. புற்றமைக்கும் கரையான்களுட் பல, புற்றினுள் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து உண்கின்றன. அப்பூஞ்சையும் எண்ணற்ற கரையான்களும் வெளியிடும் வெப்பத்தைத் தடித்த மண்சுவர் எளிதில் வெளியே விடுவதில்லை. ஆகவே, புற்றின் நடுவிடம் ஏறத்தாழ 30 பாகை வெப்பத்துடன் விளங்குகிறது. பறவை வளர்ப்போர் குளிர்நாட்டில் அரிதின் முயன்று தரும் வெப்பத்தை, இச்சிற்றுயிர் நம் கொல்லையிலேயே படைத்துக்கொள்கிறது.

எனினும், மழைக்காலத்தில் சில கருத்தில் கொள்ளத்தக்கன. நீர் தேங்கும் பள்ளத்தில் பானையை வைத்தல் பயன் தராது. மேட்டுநிலத்தில் வைத்து, மழை படாதவாறு ஓலையால் மூட வேண்டும். பானையிலுள்ள பொருள் ஈரமாக இருக்கலாம். நீர் சொட்டுமாறு நனைந்திருத்தல் ஆகாது. மரத்தூணுக்கும் வீட்டுச் சுவருக்கும் அருகே வைத்தால், குஞ்சுக்கு அழைத்த விருந்தினர் வீட்டையே அரித்துவிடுவர்! பூச்சிமருந்து தெளித்த இடத்துக் கரையானையும், செத்து அழுகிய பூச்சியையும் குஞ்சுகளுக்கு இடலாகாது. அவை அவற்றின் உயிருக்கே தீங்காகும்.

நிலைப்பேழையையும் ஏட்டையும் அரிக்கும் கரையானை நாம் பகையென்றே எண்ணுகிறோம். அதுவே, இடமும் காலமும் அறிந்து பயன்கொள்வார்க்கு, பஞ்சும் சாணமும்போல் எளிதிற் கிடைக்கும் செல்வமாகின்றது. ஒவ்வோர் உயிரின் இயல்பையும் அறிந்து நடப்பதே வளர்ப்போர்க்குரிய முதற்கடமையாகும்.