பெயரும் செயலும்: மன்னார்க் கரையோரத்தை முன்வைத்துப் பயங்கரவாதம் பற்றிய ஒரு குற்றவியல் நோக்கு

பயங்கரவாதக் குழுக்களைக் குற்றவியல் என்னும் சமூகவிஞ்ஞானத் துறையின் துணைகொண்டு விளங்கிக்கொள்ள இயலுமா என்ற வினாவுக்கு நம்மிடையே வழக்கமாக இரு விடைகள் கூறப்படுவதுண்டு. அக்குழுவினர் கொலைஞரும் கொள்ளையருமே. எனவே அவர்களை ஆராயக் குற்றவியலன்றி வேறெத்துறையும் வேண்டியதில்லை என்பது ஒன்று. இது அரசினதும் அரசு சார்ந்தோரதும் விடை. அக்குழுக்கள் அரசியல் ஒடுக்குமுறையின் விளைவுகள்; அவற்றைக் குற்றம் என்ற சொல்லோடு சேர்த்துப் பேசுவதே தகாது என்பது மற்றொன்று. இது தேசியவாதிகளின் விடை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முற்றிலும் முரணானவை போலத் தோன்றினும், அடிப்படையில் ஓர் எடுகோளைப் பொதுவாகக் கொண்டுள்ளன. குற்றம் என்பது செயலின் தன்மையன்று, செய்பவரின் தன்மை என்பதே அவ்வெடுகோளாகும்.

இவ்வெடுகோளைக் கைவிடும்போதுதான் குற்றவியல் நமக்குப் பயன்படத் தொடங்குகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதனை நிறுவுதற்கு மன்னார்த் தீவையும் அதனை அடுத்த கரையோரத்தையும் எடுத்துக்கொள்கின்றோம். சட்டமும் ஆயுதமும் மனிதருக்குப் பெயர் சூட்டி, அப்பெயரின் பின்னே செயலை மறைத்த வரலாற்றை இக்கரையிற்போலத் தெளிவாக வேறிடங்களிற் காண்பது அரிது. சொற்களின் சமூக வரலாறு இலக்கிய மாணவரது அக்கறைக்கும் உரியதாதலின், துறைமாறிப் புகுந்தோம் என்ற குற்றச்சாட்டுக்கு நாம் ஆளாகமாட்டோம் என நம்புகின்றோம்.

1. கடல் குற்றமான கதை

1842ஆம் ஆண்டில், இருபத்துநான்கு வயது இளைஞராயிருந்த மாக்ஸ், ரைன் மாகாணச் சபையின் விறகுத் திருட்டுச் சட்ட விவாதம் பற்றி ரைனிஷ் ஸைற்றுங் பத்திரிகையில் எழுதினார். காட்டிலே உதிர்ந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குதல் ஏழைகளின் வழக்குரிமையாய் இருந்தது. காடு தனியுடைமையாகி, அவ்வுடைமைக்கேற்பச் சட்டம் வரையப்பட்டபோது, நேற்றுவரை விறகு பொறுக்கியவர் இன்று திருடர் ஆயினர். அவர்கள் செய்த செயல் மாறவில்லை. செயலைச் சூழ்ந்த உடைமையுறவே மாறிற்று. குற்றவியலின் மாக்சிய மரபு இவ்விடத்தே தொடங்குகின்றது எனலாம்.

ரைன் மாகாணத்துக் காட்டுக்கு நேர்ந்ததே பாக்கு நீரிணைக்கும் நேர்ந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையேயுள்ள தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றரே. சட்டம் இதனை எல்லையாக்குமுன், இரு கரையாருக்கும் இது தொழிற்களமாகவும் உறவு வழியாகவும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்குத் தொழிலாளர் தேவைப்பட்டபோது, மன்னார்க் கரையில் இறங்கிக் கால்நடையாக மாத்தளை நோக்கிச் சென்றவர்களை எவரும் குற்றவாளிகள் என்று கூறவில்லை. வழியிற் காய்ச்சலாலும் பசியாலும் பலர் மாண்டனர். எனினும் அவர்களது வருகை மூலதனத்துக்கு வேண்டியதாயிருந்தது. 1914இற் புகைவண்டிச் சேவையோடு இணைந்த கப்பற் போக்குவரத்தும் இவ்வழியிலேயே தொடங்கிற்று.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நிலைமையை மாற்றிற்று. உழைப்பு வேண்டப்பட்ட காலத்திற் ‘கூலி’ எனப் பெயர் பெற்றவர், வாக்கு அஞ்சப்பட்ட காலத்திற் ‘கள்ளத்தோணி’ எனப் பெயர் பெற்றார். 1952இற் சட்டவிரோதக் குடிவரவையும் கடத்தலையும் தடுப்பதற்கென வடகரையோரத்தில் இராணுவம் நிறுத்தப்பட்டது. 1963இல் அது விரிவுபடுத்தப்பட்டது. ஆயுதம் தாங்கிய இயக்கம் எதுவும் தோன்றுமுன்னரே இக்கரை இராணுவத்தின் கண்காணிப்புக்கு உட்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. கள்ளத்தோணி என்ற சொல்லோ கடலோடு நில்லாது மலைநாட்டுக்கும் ஏறிற்று. தோணியைக் கண்ணாலும் காணாத, லயத்திலே பிறந்து லயத்திலே வளர்ந்த தொழிலாளியையும் அது சுட்டிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர், தம் முன்னோர் வந்திறங்கிய அதே தலைமன்னார் வழியாகத் திரும்பிச் சென்றனர்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஹவார்ட் பெக்கர் 1963இல் முன்வைத்த கருத்து இங்குப் பொருந்துவதாகும். பிறழ்வு என்பது செயலில் உள்ளார்ந்து கிடப்பதன்று. விதிகளை ஆக்கும் வலிமையுடையோர் அவற்றைச் சிலர்மீது பிரயோகிப்பதன் விளைவே அது என்றார் அவர். எனினும், அவ்வலிமை எங்கிருந்து வருகின்றது என்ற வினாவை அவர் போதியளவு எழுப்பவில்லை. வர்க்கநலனும் அரசதிகாரமும் பற்றிய ஆய்வே அதற்கு விடைதர வல்லது.

2. முருங்கன் காடும் பயங்கரவாதச் சட்டமும்

பயங்கரவாதி என்ற பெயரும் ஒருவகையில் மன்னார் மாவட்டத்திலேயே சட்டவுருப் பெறத் தொடங்கிற்று எனலாம். 1978 ஏப்ரலில் முருங்கனை அடுத்த காட்டுப்பகுதியிற் பொலிஸ் பரிசோதகர் பஸ்தியாம்பிள்ளையும் உடன் சென்ற பொலிசாரும் கொல்லப்பட்டனர். அம்மாத இறுதியிலே தமிழீழ விடுதலைப் புலிகள் இக்கொலைகளுக்கு உரிமைகோரினர். மே மாதத்தில் அவ்வியக்கத்தையும் அதனையொத்த அமைப்புகளையும் தடைசெய்யும் சட்டம் நிறைவேறிற்று. 1979 ஜூலையிற் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. மூன்றாண்டுக்கெனக் கொணரப்பட்ட அச்சட்டம் 1982இல் நிலையானதாக்கப்பட்டது.

இச்சட்டம் செய்தது யாது? கொலையும் கொள்ளையும் சாதாரணத் தண்டனைச் சட்டத்தின்கீழ் ஏற்கெனவே குற்றங்கள். எனவே, புதிய சட்டம் புதிய செயல்களைக் குற்றமாக்கியதைவிட, ஒருவகை மனிதருக்குப் புதிய நடைமுறையை வகுத்தது என்பதே பொருந்தும். பொலிசாருக்கு அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் சான்றாகாது என்பது 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் விதி. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் அளிக்கப்படும் ஒப்புதல் சான்றாகும் என்றது புதிய சட்டம். அமைச்சரின் கட்டளையால், வழக்கின்றிப் பதினெட்டு மாதம்வரை தடுத்துவைக்கலாம் என்றும் கூறிற்று. (2022ஆம் ஆண்டுத் திருத்தம் இதனைப் பன்னிரண்டாகக் குறைத்தது.) இவ்விரு விதிகளையும் சேர்த்துப் பார்த்தால், சித்திரவதைக்குக் காலமும் பயனும் சட்டத்தாலேயே வழங்கப்பட்டமை புலனாகும்.

இந்நடைமுறை இனவேற்றுமையால் மட்டும் விளைந்ததன்று. 1971ஆம் ஆண்டு ஜே. வி. பி. கிளர்ச்சியில் ஈடுபட்ட சிங்களக் கிராமப்புற இளைஞரை விசாரிப்பதற்கு, 1972இற் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் ஆக்கப்பட்டது. சாதாரணச் சான்றுவிதிகளை அச்சட்டமும் தளர்த்திற்று. அரசதிகாரம் தன்னை எதிர்ப்போரை எம்மொழி பேசினும் ஒரே முறையிற் கையாள்கின்றது என்பதற்கு இது சான்றாகும். அடுத்த தசாப்தத்தில் இம்முறை தமிழ் இளைஞர்மீது இனவெறியோடு கலந்து பிரயோகிக்கப்பட்டது.

3. ஒரே தோணி

இயக்கங்களின் தோற்றத்துக்கு வேலையின்மையும் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும் 1983ஆம் ஆண்டின் இன அழிப்பும் காரணங்களாகக் காட்டப்படுவதுண்டு. சமுதாயம் போற்றும் குறிக்கோள்களை அது அனுமதிக்கும் வழிகளால் அடைய முடியாதபோது பிறழ்வு தோன்றும் என்ற மேர்ட்டனின் 1938ஆம் ஆண்டுக் கோட்பாடு இவற்றுக்கு ஒத்துவருகின்றது. ஆயின், விரக்தியுற்ற இளைஞர் பல நாடுகளில் உளர். அவர்களெல்லாரும் ஆயுத இயக்கம் அமைப்பதில்லை. நேர்வழி அடைபட்டால் மட்டும் போதாது, மாற்றுவழியும் அண்மையில் இருத்தல் வேண்டும் என்று 1960இற் கிளவார்டும் ஓலினும் இக்கோட்பாட்டைத் திருத்தினர். வடகரையைப் பொறுத்தவரை இத்திருத்தமே முக்கியமானது.

வல்வெட்டித்துறையிற்போல மன்னாரிலும் கடல் அறிவு இருந்தது. மணற்றிட்டுகளின் இருப்பு, நீரோட்டம், காற்றின் பருவம், ரோந்துக் கப்பலின் நேரம் ஆகியவற்றை அறிந்த தொழிலாளர் இருந்தனர். 1983இன் பின்னர், அகதிக் குடும்பங்களை இராமேஸ்வரத்துக்கு ஏற்றிய தோணியே பயிற்சிக்குச் சென்ற இளைஞரையும் ஏற்றிற்று; மருந்தும் துணியும் எரிபொருளும் கொணர்ந்தது. அத்தோணிக்காரரை எப்பெயரால் அழைப்பது? கரையோர மக்களுக்கு அவர் தொழிலாளி, சட்டத்துக்குக் கடத்தற்காரர், அகதிக்கு உயிர்காத்தவர், பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு உடந்தையாளர். உழைப்பு ஒன்றே, பெயர்கள் நான்கு.

சமூகக் கொள்ளையர் பற்றி எரிக் ஹொப்ஸ்பாம் எழுதியவை இங்கு நினைவுக்கு வரும். அரசு குற்றவாளி என்போரை விவசாய சமுதாயம் தன் மைந்தராகப் போற்றிக் காக்கும் நிலையை அவர் விளக்கினார். தொடக்ககால இயக்க இளைஞருக்கு இவ்விளக்கம் ஓரளவு பொருந்தும். எனினும் சமூகக் கொள்ளையனுக்கு வரிவிதிக்கும் இயந்திரமோ, சிறையோ, நீதிமன்றமோ இல்லை. பின்னாளில் இவற்றையெல்லாம் உடைத்தாயிருந்த ஓர் இயக்கத்தை அவ்வுருவத்திற் காண்பது வரலாற்றுக்கு மாறானதாகும்.

4. மனச்சாட்சியை அமைதிப்படுத்தும் முறைகள்

குற்றவியல் நமக்கு அளிக்கும் மிகக் கூரிய கருவி, சைக்ஸ், மாட்சா ஆகியோர் 1957இல் வெளியிட்ட ஆய்வில் உள்ளது. குற்றம் செய்வோர் ஒழுக்கநெறியை அறியாதவர் அல்லர். அதனை ஏற்றுக்கொண்டே, தம் செயல் அதற்கு விலக்கு என நியாயங்கூறிக்கொள்கின்றனர் என்பது அவர்கள் கண்ட முடிபு. அந்நியாயங்கள் ஐந்து: பொறுப்பை மறுத்தல், தீங்கை மறுத்தல், பாதிக்கப்பட்டோரைப் பாதிக்கப்பட்டோர் அல்லர் எனல், கண்டிப்போரைக் கண்டித்தல், உயர்ந்த விசுவாசம் ஒன்றைச் சுட்டுதல். சிறுவயதுக் குற்றவாளிகளைப் பற்றிய இவ்வாய்வை அரசுகளுக்கும் பொருத்திக் காட்டியவர் ஸ்டான்லி கோகன் ஆவார்.

1984 டிசெம்பர் 4ஆம் தேதி, மன்னாரில் இராணுவ வாகனமொன்று கண்ணிவெடியிற் சிக்கியதன்பின், படையினர் நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றனர். அம்மாதமே மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கமும், 1985 ஜனவரியில் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியனும் கொல்லப்பட்டனர். இத்தகைய நிகழ்ச்சிகளிற் கூறப்படும் நியாயங்கள் நாம் அறிந்தவையே: படையினர் ஆத்திரமூட்டப்பட்டனர்; இறந்தோர் பயங்கரவாதிகள் அல்லது அவர்க்கு இடமளித்தோர்; கண்டிப்போர் பிரிவினைவாதிகள்; நாட்டின் ஒருமைப்பாடு அனைத்திலும் மேலானது. பொறுப்பும் பாதிப்பும் மறுக்கப்பட்டன, கண்டிப்போர் கண்டிக்கப்பட்டனர், உயர்ந்த விசுவாசம் சுட்டப்பட்டது.

இதுவரை நம் வாசகர் பலரும் தயக்கமின்றி நம்மோடு வருவர். அடுத்த எடுத்துக்காட்டிலேதான் நமது முறையின் நேர்மை சோதிக்கப்படுகின்றது.

1990 ஒக்டோபர் மாத இறுதியில், தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். மன்னார் மாவட்ட மக்களுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களில் ஒலிபெருக்கி வாயிலாகக் கட்டளை அறிவிக்கப்பட்டது. வீடு, நகை, கால்நடை, தொழிற்கருவி யாவற்றையும் இழந்து, மக்கள் தோணிகளிற் கற்பிட்டிக் கரைக்குச் சென்றனர். வடமாகாணம் முழுவதிலும் இவ்வாறு வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 70,000க்கும் 75,000க்கும் இடைப்பட்டோர் என்பது பரவலான மதிப்பீடு. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு மக்கட்பிரிவு, தமிழர் விடுதலையின் பேரால் வேரோடு பறிக்கப்பட்டது.

இதற்கு அன்றும் பின்னரும் கூறப்பட்ட நியாயங்களை மேற்கூறிய ஐந்தோடு ஒப்பிடுக. கிழக்கில் நிகழ்ந்தவற்றின் விளைவு இது, இது தற்காலிகமானது, அவர்களுள் உளவாளிகள் இருந்தனர், இதனைப் பேசுவோர் அரசுக்குத் துணைபோவோர், விடுதலை அனைத்திலும் மேலானது. 1984இல் அரசுக்குப் பயன்பட்ட அதே இலக்கணம் இங்கும் பயன்படுகின்றது. சொற்கள் மட்டுமே மாறியுள்ளன. பயங்கரவாதி என்ற சொல்லின் இடத்திற் ‘துரோகி’ அமர்ந்தது. எண்பதுகளிலே ‘சமூகவிரோதி’ என்ற அட்டை கழுத்திலே தொங்க விளக்குக் கம்பங்களிற் கட்டிச் சுடப்பட்டோரையும், 1986இல் ரெலோ இயக்கத்தினர் கொல்லப்பட்டதையும் இவ்விலக்கணமே நியாயப்படுத்திற்று. வழக்கும் சான்றும் வேண்டாத தண்டனையை அரசின் சட்டம் பெயராற் சாதித்தது போலவே, இயக்கங்களும் சாதித்தன. வெளியேற்றம் குறித்து 2002இற் கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். ஆனால் வருத்தம் வேறு, பொறுப்பேற்றல் வேறு.

இவ்வாறு கூறுவது இரு தரப்பையும் ஒரே தராசில் நிறுத்துவதாகாதோ என்று வினவப்படலாம். அன்று. அரசின் வலிமையும் ஒடுக்கப்பட்டோரின் வலிமையும் சமமானவையல்ல; ஒடுக்குமுறை முற்பட்டது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஒரு போராட்டத்தின் காரணம் நீதியானதா என்பது ஒரு வினா. அதன் பெயராற் செய்யப்பட்ட குறித்த செயல் குற்றமா என்பது வேறொரு வினா. முன்னதற்குரிய விடையைப் பின்னதற்குப் பதிலாக வழங்குவதே ‘உயர்ந்த விசுவாசம்’ என்னும் மயக்கமாகும். முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர் இம்மயக்கத்துக்கு ஆளாகலாகாது.

5. பெயரிலிருந்து செயலுக்கு

2009 மே மாதத்திற் போர் முடிவுற்றபின்னரும் பெயர்சூட்டும் முறை முடிவுறவில்லை. மன்னார்ச் சிலாவத்துறையைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 2020 மே மாதத்திற் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யப்பட்டார். ‘நவரசம்’ என்னும் அவரது கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் பரப்புவதாகக் கூறப்பட்டது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் தடுப்பில் இருந்தபின் 2021 டிசெம்பரிற் பிணையில் வந்த அவர், 2023 டிசெம்பரில் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். பெயரை முதலிற் சூட்டி, அதற்கான செயலைப் பின்னர் கவிதைக்குள்ளே தேடியமையால் விளைந்த கொடுமை இது. 1990இல் இயக்கத்தால் வெளியேற்றப்பட்ட ஒரு சமூகத்தின் இளைஞர், முப்பதாண்டு கழிந்து அரசின் சட்டத்தால் அதே குற்றச்சொற்பட்டியலுக்குள் கொணரப்பட்டார்.

இதற்கு மாறான முறைக்கும் மன்னாரே எடுத்துக்காட்டுத் தருகின்றது. மன்னார் ஆயராயிருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை (அவர் 2021இற் காலமானார்), 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னர் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் வாழ்ந்தோர் அரசாங்கப் பதிவுகளின்படி 429,059 பேர். போரின் இறுதியில் அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கும் யாது நேர்ந்தது என்பதே அவரது வினா. அவ்வினாவில் எவருக்கும் பெயர் சூட்டப்படவில்லை. இறந்தோர் யார், கொன்றோர் யார் என்ற முன்முடிவும் இல்லை. நிகழ்ந்தது யாது என்பது மட்டுமே கேட்கப்பட்டது.

குற்றவியல் தனது சிறந்த நிலையிற் செய்யக்கூடியதும் இதுவே. பயங்கரவாதி யார் என்று அது வினவும்வரை அதிகாரத்தின் பணியாளாகவே இருக்கும். எச்செயல், எவரால், எவருக்கு, எந்நியாயத்தின் பேரால் இழைக்கப்பட்டது என்று வினவத் தொடங்குகையில், அரசையும் இயக்கத்தையும் ஒருங்கே விசாரிக்கும் தகுதியை அது பெறுகின்றது. எருக்கலம்பிட்டியிலிருந்து தோணியேறியவருக்கும், மன்னார் வீதியிற் சுடப்பட்டவருக்கும், வன்னியிற் கணக்கில் வராது போனவருக்கும் நாம் தரவேண்டிய விடை ஒன்றே. அவ்விடையை நமக்கு வசதியான பெயர்களுக்குப் பின்னே இனியும் மறைத்து வைத்தல் ஆய்வாளருக்கும் அழகன்று, முற்போக்காளருக்கும் அழகன்று.