குறைந்தது மாதங்களே, குழந்தை அல்ல

திருவருகைக் காலத்தின் முதலாம் ஞாயிறுக்கு முந்திய இரவு. யாழ்ப்பாணக் கரையோரப் பங்கொன்றைச் சேர்ந்த இளம் தாயொருத்தி வைத்தியசாலையில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்தாள். முதலில் ஆண், அடுத்துப் பெண். தை மாத இறுதியில் பிறக்க வேண்டியவர்கள், கார்த்திகை மாத மாரி மழையினூடே ஒன்பது வாரங்கள் முந்தி வந்துவிட்டார்கள். தாயின் இரத்த அழுத்தம் அபாய அளவுக்கு உயர்ந்தமையால் சத்திரசிகிச்சை மூலம் பிள்ளைகளை எடுப்பதைத் தவிர வைத்தியர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. மகன் ஒரு கிலோ 500 கிராம். மகள் ஒரு கிலோ 250 கிராம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த இதனை, அக்குடும்பத்தாரின் விருப்பத்தோடு பெயர்களைத் தவிர்த்து இங்கே எழுதுகின்றேன். இத்தகைய இரவொன்றைக் கடந்து வந்த பெற்றோரும், இன்றிரவு கடந்துகொண்டிருக்கும் பெற்றோரும் இப்பக்கத்தின் வாசகர்களிடையே இருக்கக் கூடும் என்பதே அதற்குக் காரணமாகும்.

அவ்வீட்டில் எதுவும் ஆயத்தமாக இருக்கவில்லை. பிறக்கு முன்னர் பிள்ளைக்கு உடுப்பு வாங்கலாகாது என்பது நம்மவர் வழக்கம். பழைய வேட்டிகளைத் தோய்த்து மடித்து வைக்கவும், காயச் சரக்கு இடிக்கவும், இரண்டு ஏணைகள் கட்டுவதற்கு இடம் பார்க்கவும் மார்கழி மாதம் இருக்கிறதே என்று அம்மம்மா எண்ணியிருந்தார். பெயர்கள்கூட முடிவு செய்யப்படவில்லை. காத்திருத்தலின் காலம் தொடங்கும் நாளிலேயே அக்குடும்பத்தின் காத்திருத்தல் அறுந்துபோயிற்று.

முந்தி வந்தவர்கள்

37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்கிறது மருத்துவ உலகம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்துள்ளனர். பிறக்கும் பத்துப் பிள்ளைகளில் ஒருவர் என்று சொல்லலாம். இரட்டையராயின், பாதிக்கும் மேற்பட்டோர் முந்தியே பிறக்கின்றனர். ஆகவே இது ஒரு குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த சாபமுமன்று. தாயின் கவலையீனத்தால் விளைந்த தண்டனையுமன்று.

ஆயினும், வைத்தியசாலை வாசலில் நின்ற உறவினர்களின் வாயிலிருந்து பழைய பேச்சுக்கள் பல எழுந்தன. ஏழு மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாதத்துப் பிள்ளை பிழைக்காது என்பது அவற்றுள் ஒன்று. இது உண்மைக்கு மாறானது. கருவறையில் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு வலுவையே சேர்க்கின்றது. இத்தகைய பேச்சுக்கள் படுக்கையில் கிடக்கும் தாயின் செவிகளை எட்டும்போது எத்துணை வேதனை தரும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கலங்கி நின்ற அம்மம்மாவுக்குப் பங்குத்தந்தை வேறொரு பிள்ளையின் வரலாற்றைச் சொன்னார். 1567 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21 ஆம் திகதி, சவோய் நாட்டின் தோறென்ஸ் என்னுமிடத்தில், இள வயதுத் தாயொருத்திக்கு இரண்டு மாதங்கள் முந்தி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. இன்குபேட்டர் இல்லாத காலம். நலிந்து கிடந்த அப்பிள்ளை தப்புவது அரிதென்று அஞ்சப்பட்டது. ஒரு வாரத்தில் திருமுழுக்குப் பெற்ற அக்குழந்தையே பின்னர் ஜெனீவாவின் ஆயராகி, திருச்சபையின் மறைவல்லுநராகப் போற்றப்படும் புனித பிரான்சிஸ் சலேசியார். 1923 ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவரைக் கத்தோலிக்க எழுத்தாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார். முந்திப் பிறந்த அப்பிள்ளையின் பாதுகாவலிலேதான் இப்பக்கமும் எழுதப்படுகின்றது.

நள்ளிரவில் ஒரு திருமுழுக்கு

மூன்றாம் நாள் இரவு மகளின் நிலை மோசமடைந்தது. குறைமாதப் பிள்ளைகளின் மூளையில் மூச்சை ஒழுங்காக இயக்கும் பகுதி முழுமையாக முதிர்ந்திராது. அதனால் அவர்கள் இடையிடையே மூச்சு விட மறந்துபோவதுண்டு. அவ்விரவில் அவள் பல முறை மறந்தாள். ஒவ்வொரு முறையும் தாதியொருவர் அவளது பாதத்தை மெல்லத் தட்டி மூச்சை மீட்டார். பின்னர் அதுவும் போதாமல், இயந்திரத்தின் துணை வேண்டியதாயிற்று.

தாயோ வேறொரு விடுதியில், சேலைன் ஏற்றப்பட்ட நிலையில், படுக்கையை விட்டு எழ முடியாதிருந்தாள். தந்தை பல மைல்களுக்கு அப்பால் வீட்டில். வீதியெங்கும் வெள்ளம். நிலைமையைச் சொல்ல வந்த அத்தாதியின் கையைப் பற்றிக்கொண்டு, “மிஸி, என்ரை பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேணும்” என்றாள் தாய்.

தாதி திகைத்தார். “நான் சைவக்காரி, தங்கச்சி. நான் செய்தால் செல்லுமோ?”

பங்குத்தந்தையைத் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர் தயங்காமல் சொன்னார்: செல்லும்.

அன்பார்ந்தவர்களே, திருச்சபையின் இந்தப் போதனையை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 867 ஆம் சட்டம், மரண ஆபத்திலுள்ள குழந்தைக்குத் தாமதமின்றித் திருமுழுக்கு அளிக்கப்பட வேண்டுமென்கிறது. குருவோ திருத்தொண்டரோ இல்லாத அவசர வேளையில், சரியான கருத்தோடு எவரும் அதனை அளிக்கலாமென 861 ஆம் சட்டம் கூறுகின்றது. திருமுழுக்குப் பெறாதவர்கூட, திருச்சபை எதைச் செய்ய எண்ணுகின்றதோ அதையே தாமும் செய்யும் எண்ணத்தோடு இதனைச் செய்யலாமென மறைக்கல்வி நூல் விளக்குகின்றது. செய்முறை மிக எளிது. குழந்தையின் பெயரைச் சொல்லி, தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் அதற்குத் திருமுழுக்கு அளிப்பதாகக் கூறியவாறே தலையில் நீரை ஊற்ற வேண்டும். நீரை ஊற்றுபவரே வார்த்தைகளையும் சொல்ல வேண்டும்.

பெயர் என்ன என்று தாதி கேட்டார். ஒரு கணமும் யோசியாது, தன் தாயின் பெயரைச் சொன்னாள் அவள். கொதித்து ஆறிய நீரைச் சிறு சிரிஞ்சொன்றில் எடுத்துக்கொண்டு அத்தாதி திரும்பிச் சென்றார். வார்த்தைகளைக் காகிதத் துண்டொன்றில் எழுதி, இன்குபேட்டரின் கண்ணாடியில் ஒட்டி வைத்து, ஓர் எழுத்தும் பிசகாமல் வாசித்துக்கொண்டே நீரை ஊற்றினார். பின்பு மறுபடியும் பாதத்தைத் தட்டத் தொடங்கினார். விடியும்வரை அவர் அவ்விடத்தை விட்டு அகலவில்லை.

முப்பத்தொன்பது மணித்தியாலங்கள்

எல்லா இரவுகளும் விடிவதில்லை. 1963 ஓகஸ்ட் 7 ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதி ஜோன் கென்னடியின் கத்தோலிக்கக் குடும்பத்தில், ஐந்தரை வாரங்கள் முந்திப் பிறந்தான் பற்றிக் என்னும் மகன். எடை இரண்டு கிலோவைத் தாண்டியிருந்தது. பிறந்தவுடன் திருமுழுக்குப் பெற்றான். ஆயினும் நுரையீரலின் சிற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பொருள் அவனில் போதாதிருந்தது. உலகின் வலிமைமிக்க நாடொன்றின் தலைவராலும் தம் மகனுக்கு ஒரு மூச்சை வாங்கிக் கொடுக்க முடியவில்லை. 39 மணித்தியாலங்களில் அக்குழந்தை இறைவனடி சேர்ந்தது. அடக்கத் திருப்பலிக்கு வர இயலாமல் தாய் வைத்தியசாலையிலேயே கிடந்தார்.

அம்மரணம் உலகின் கவனத்தை இந்நோயின்பால் திருப்பியது. 1972 இல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹவி என்னும் இரு வைத்தியர்கள், முந்திப் பிரசவிக்கக் கூடிய தாய்க்கு முன்கூட்டியே ஊசிமருந்து கொடுத்துப் பிள்ளையின் நுரையீரலை முதிரச் செய்யலாமெனக் காட்டினர். 1980 இல் ஜப்பானிய வைத்தியர் புஜிவாரா, அந்த வழுவழுப்பான பொருளையே குழந்தைகளின் நுரையீரலுக்குள் செலுத்தி வெற்றி கண்டார். நம் கதையின் தாய்க்கும் பிரசவத்துக்கு முன் அவ்வூசி போடப்பட்டிருந்தது. வைத்தியரையும் மருந்தையும் ஆண்டவரே தந்தார் என்று சீராக்கின் ஞானநூல் நமக்குக் கற்பிக்கின்றதல்லவா? செபமாலை உருட்டும் கையும் ஊசி ஏற்றும் கையும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல.

பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. திருமுழுக்குப் பெறுமுன்பே இறந்த தம் பிள்ளையை எண்ணி ஆண்டுக்கணக்காக உள்ளூர வாடும் தாய்மார் நம் பங்குகளில் உள்ளனர். அப்பிள்ளைகளைத் திருச்சபை இறைவனின் இரக்கத்திடம் கையளிக்கின்றது. அவர்கள் மீட்படைவார்கள் என நம்புவதற்கு உறுதியான காரணங்கள் உண்டென அனைத்துலக இறையியல் ஆணைக்குழு 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆவணம் எடுத்துரைக்கின்றது. சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடுமாறு சீடரைக் கடிந்துகொண்ட ஆண்டவர், அவர்களுக்குத் தம் கைகளை மூடிக்கொள்வாரா?

நெஞ்சே தொட்டிலாக

நம் கதையின் மகள் மூச்சு விடப் பழகிக்கொண்டாள். ஒரு வாரத்தில் இயந்திரம் அகற்றப்பட்டது. தாயின் பால் துளித்துளியாகக் குழாய் வழியே இருவருக்கும் ஊட்டப்பட்டது. மார்கழி நடுப்பகுதியில், பிள்ளைகளை வெற்று நெஞ்சோடு அணைத்து வைத்திருக்குமாறு வைத்தியர்கள் கூறினார்கள்.

இம்முறை 1978 ஆம் ஆண்டில் கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் பிறந்தது. அங்கே வைத்தியசாலையொன்றில் இன்குபேட்டர்கள் போதாமல், ஒன்றினுள்ளேயே பல பிள்ளைகளைக் கிடத்த வேண்டியிருந்தது. நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது. டொக்டர் எட்கார் றே என்பவர், தாயின் மார்பையே வெப்பம் தரும் இடமாக்கினார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பது போன்றது என்பதால் அதற்கு அவ்விலங்கின் பெயரே வழங்கலாயிற்று. ஐந்து நாடுகளில் நடத்தப்பட்டு 2021 இல் வெளியான ஆய்வொன்றில், பிறந்த உடனேயே இவ்வாறு அணைக்கப்பட்ட எடை குறைந்த பிள்ளைகளிடையே மரணம் கால் பங்கு குறைந்திருந்தது. அடுத்த ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் இம்முறையைப் பிறந்தவுடனேயே தொடங்குமாறு பரிந்துரைத்தது. வறுமையில் கண்டறியப்பட்டது செல்வந்த நாடுகளுக்கும் பாடமாயிற்று.

தாய்க்கு நெஞ்சு ஒன்று, பிள்ளைகளோ இருவர். மகளைத் தாய் அணைக்க, மகனை அம்மம்மா அணைத்துக்கொண்டார். நத்தார் இரவில் ஊர்க் கோவிலின் மணி அவர்களுக்குக் கேட்கவில்லை; புதுச்சேலையும் இல்லை; பலகாரமும் இல்லை. வைத்தியசாலைக் கதிரைகளில் அருகருகே அமர்ந்து, அசையாமல், ஆளுக்கொரு பிள்ளையைச் சுமந்தபடி செபமாலை சொன்னார்கள். மங்கள வார்த்தை மறையுண்மையைத் தாண்டி எலிசபெத்தைச் சந்தித்த மறையுண்மைக்கு வந்தபோது அம்மம்மாவின் குரல் தழுதழுத்தது. எலிசபெத்து அப்போது ஆறாம் மாதக் கர்ப்பிணி. அவரது வயிற்றில் துள்ளிய யோவான், இன்றைய வைத்தியசாலையில் இருந்திருந்தால் இன்குபேட்டரில் கிடத்தப்பட வேண்டிய வயதினர். மீட்பரின் வருகையை உலகில் முதன்முதலாக மகிழ்ந்து வரவேற்றவர்களுள் அத்துணை சிறிய ஒருவரும் இருந்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

காணிக்கைத் திருநாளில்

திருக்காட்சி விழாவின் மறுநாள் இருவரும் வீடு வந்தனர். பெப்ரவரி 2 ஆம் திகதி, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த திருநாளில், கோவிலுக்குக் கொண்டுவரப்பட்டனர். நாள் கணக்கின்படி அவர்கள் பிறந்திருக்க வேண்டியதே அவ்வாரத்தில்தான். இரு புறாக்களை மட்டுமே காணிக்கையாக்க இயன்ற ஏழைப் பெற்றோர் ஆலயத்துக்கு வந்த அந்நாளில், இரு பிள்ளைகளோடு இவர்களும் வந்தார்கள்.

மகனுக்குப் பங்குத்தந்தை திருமுழுக்கு அளித்தார். மகளின் தலையில் அவர் நீரை ஊற்றவில்லை. கிறிஸ்மா தைலம் பூசி, வெண்ணிற ஆடை அணிவித்து, எரியும் திரியைத் தந்தையிடம் கொடுத்து, அவளைச் சபையின் நடுவே வரவேற்றார்.

அம்மம்மாவுக்கு மனம் ஆறவில்லை. “சுவாமி, பேத்திக்கும் ஒருக்கால் ஊத்தி விடுங்கோவன்.”

“அம்மா, அந்த மிஸி ஊத்தினதோடை எல்லாம் முடிஞ்சுது. அதுக்கு மேல ஊத்த என்னட்டை ஒண்டுமில்லை” என்றார் பங்குத்தந்தை.

கோவிலின் பின்வரிசையில் அத்தாதி அமர்ந்திருந்தார். அழைப்பின் பேரில் வந்தவர், முன்னே வரக் கூச்சப்பட்டார். பூசை முடிந்ததும் தாய் நேரே அவரிடம் சென்று, மகளை அவர் கையில் கொடுத்தாள். அவர் வழக்கத்தை விடாமல், பிள்ளையின் பாதத்தை ஒரு முறை மெல்லத் தட்டிப் பார்த்தார். பிள்ளை சிணுங்கியது.

குறைமாதப் பிள்ளை என்னும் நம் சொல்லைச் சற்று உற்றுப் பாருங்கள். அதில் குறைந்தது மாதமே, பிள்ளை அல்ல. தாயின் வயிற்றில் மறைவாக உருவாகும்போதே தன்னை இறைவன் கண்டார், தன் நாட்களையெல்லாம் அவர் அறிந்திருந்தார் என்று திருப்பாடல் ஆசிரியர் வியக்கின்றார். மனிதர் எடை பார்க்குமுன் இறைவன் முகம் பார்த்துவிடுகின்றார்.

உங்கள் பங்கில் இத்தகைய குடும்பமொன்று இருந்தால், பிள்ளை எத்தனை இறாத்தல் என்று கேட்பதை விடுத்து, வைத்தியசாலையில் காத்திருக்கும் தாய்க்கு ஒரு நேரச் சோறு கொண்டு செல்லுங்கள். வீட்டிலுள்ள மூத்த பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். குழந்தையைத் தூக்க அவசரப்படாமல், கை கழுவிக் காத்திருங்கள். பிறந்த பிள்ளைக்கு உடனே ஒரு பெயர் இட்டு, அப்பெயரைச் சொல்லிச் செபியுங்கள்.

இரக்கமுள்ள ஆண்டவரே, இன்றிரவு கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மூச்சுக்காகப் போராடும் சின்னஞ்சிறு பிள்ளைகளை உமது நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும். அவர்கள் அருகே விழித்திருக்கும் கைகளை, அவை எந்தச் சமயத்தவரின் கைகளாயினும், ஆசீர்வதியும். ஆமென்.