கருவறையில் ஒரு நாற்றங்கால்

மேட்டூர் அணை திறந்து, கல்லணையைக் கடந்து காவிரி நீர் வயலை எட்டியதும், தஞ்சை நாட்டில் நாற்றுப் பறியும் நடவும் தொடங்கிவிடுகின்றன. நாற்று நன்றாயிருந்தாலன்றி விளைச்சல் நன்றாயிராது என்பதை நம் உழவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தாய் வயிற்றில் வளரும் சிசுவின் மூளையும் ஏறக்குறைய இவ்வாறே, நாற்றுவிட்டு நடுவதுபோல் உருவாகிறது என்பதைப் பலரும் அறியார்.

கருத்தரித்த மூன்றாவது வாரத்தில், கருவின் முதுகுப்புறத்திலுள்ள மெல்லிய படலம் ஒன்று வாய்க்கால்போல் குழிகிறது. பின்னர் அதன் இரு கரைகளும் கூடிக் குழாயாகிறது. சுமார் 28-ஆம் நாளுக்குள் இக்குழாய் முழுதும் மூடிவிட வேண்டும். மூடாது நின்றால் தலையிலோ முதுகெலும்பிலோ பெருங்குறை நேரும்.

இக்குழாயின் உட்சுவரே நாற்றங்கால். அங்குப் பிறக்கும் நரம்பணுக்கள், கொம்பைப் பற்றி ஏறும் அவரைக்கொடிபோல, மெல்லிய இழைகளைப் பற்றி வெளிப்புறமாக ஏறித் தத்தம் அடுக்கில் அமர்கின்றன.

நட்டால் மட்டும் போதுமா? நீர் பாய வேண்டுமன்றோ? ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு நீண்ட இழையை நீட்டிப் பிற அணுக்களைத் தேடுகிறது. கண், காது, தோல் ஆகியவற்றின் செய்திகளைக் கொண்டுவரும் இழைகள், மூளையின் மேற்புறணிக்கு அடியில், முறைநீருக்கு மடைவாயில் காத்திருப்பதுபோல் பல வாரங்கள் தங்குகின்றன. கர்ப்பத்தின் 24-ஆம் வாரத்தையொட்டியே அவை புறணிக்குள் புகுந்து இணையத் தொடங்குகின்றன. இவ்விணைப்புகள் குழந்தை பிறந்த பின்னும் பெருகுகின்றன. பயன்படுபவை உறுதிபெற, மற்றவை களையப்படுகின்றன.

இவ்வளர்ச்சியைக் கண்ணால் காணும் வாய்ப்பும் இன்று கிடைத்துள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து கருக்களின் மூளைகளை ஆராய்ந்து, 5,132 மெல்லிய சீவல்களை அணுவும் தெரியுமாறு படமெடுத்தது. அவற்றை 2024 டிசம்பரில் ‘தரணி’ என்னும் பெயரில், உலகோர் எவரும் கட்டணமின்றிக் காணும்படி வெளியிட்டது.

இதனால் நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. பல தாய்மார் தாம் கருவுற்றிருப்பதை அறியும் முன்பே, மூளையின் முதல் வேலை முடிந்துவிடுகிறது. “நடவு முடியட்டும், பிறகு போய்ப் பதிந்துகொள்ளலாம்” என்று நாள் கடத்தினால், போன பருவம் திரும்புமா?

ஆகவே, குழந்தையை விரும்பும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே, மருத்துவர் சொற்படி ஃபோலிக் அமில மாத்திரை உண்ண வேண்டும். சம்பா அறுவடைக்குப் பின் நம் வயலிலேயே விளையும் உளுந்தும் பயறும், கொல்லையிலுள்ள முருங்கைக்கீரையும் நல்லுணவே. எனினும் அவை மாத்திரைக்கு ஈடாகா. வேதாரணியத்து உப்பளம் அருகிலிருந்தாலும், வெறும் கடலுப்பில் போதிய அயோடின் இல்லை. அயோடின் கலந்த உப்பையே வாங்க வேண்டும். வளரிளம் பெண்களுக்கு வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை வீசியெறியாமல் உண்ணச் செய்வது பெற்றோர் கடமை. கருவுற்ற ஐயம் எழுந்தவுடன் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். இதில் மாமியாருக்கும் கணவருக்கும் பங்குண்டு.

நாற்றங்காலைக் கண்ணும் கருத்துமாகக் காப்பவர் நாம். நம் வீட்டு நாற்றங்காலையும் அவ்வாறே காப்போமாக!