கள்ளச்சாராயக் கலங்களும் நாட்டார் நம்பிக்கைகளும்

அரசின் உரிமம் இல்லாமல் காய்ச்சியோ கலந்தோ விற்கப்படும் மதுவே கள்ளச்சாராயம் எனப்படுகிறது. உயிரைப் பறிக்கும் நச்சு அதில் கலந்திருந்தால் அதை விஷச்சாராயம் என்கிறோம். செய்தித்தாள்கள் இரு சொற்களையும் ஒரே பொருளில் ஆள்வது உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எல்லாக் கள்ளச்சாராயமும் விஷச்சாராயம் அன்று. விஷச்சாராயமாக விற்கப்பட்டவற்றுள் சில, சாராயமே அன்று. இந்த வேறுபாடு புரிய, மது எந்தக் கலத்தில் இருந்தது, அதை மக்கள் எப்படிச் சோதித்தார்கள் என்று பார்ப்பது உதவும்.

சங்க காலச் சாடி

தொண்டை நாட்டில் மதுக்கலம் பற்றிய பழைய குறிப்பு பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல் இது. பாணன் காஞ்சிக்குச் செல்லும் வழியில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. அங்கே அரிசிக் களியைத் துழாவி ஆறவைத்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய, உறுதியான வாயுடைய சாடியில் விளையவிட்டு வடித்த மதுவைப் புலவர் விவரிக்கிறார். மலைபடுகடாம் மூங்கிலில் விளைந்த தேறலைச் சொல்கிறது. இன்று ஊறுகாய்க்கு நாம் வைத்திருக்கும் ஜாடியும் அந்தச் சாடியும் ஒரே சொல்தான்.

இவை யாவும் புளிக்கவைத்து வடித்த மது வகைகள். காய்ச்சி வடித்த சாராயம் வேறு. புளித்த ஊறலைச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்குவது சாராயம். எத்தனால் 78 பாகை செல்சியசு அளவில் கொதிக்கிறது, தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. இந்த இடைவெளிதான் முழுத் தொழிலுக்கும் அடிப்படை. தமிழ்நாட்டில் வெள்வேலம் பட்டையும் வெல்லமும் சேர்த்து ஊறல் போட்டதால் பட்டைச் சாராயம் என்ற பெயர் வந்தது. மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பொருத்துவாயைச் சேறும் துணியும் கொண்டு அடைத்து, ஏரிக்கரையிலும் பனங்காட்டிலும் ஓடைப் பள்ளத்திலும் இதைக் காய்ச்சினார்கள். தண்ணீரும் விறகும் மறைவும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதால் இடத்தேர்வு எப்போதும் ஏறக்குறைய ஒன்றுபோலவே அமைந்தது.

மதுவிலக்கும் கலம் மாறியதும்

1937-இல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-இல் அது சென்னை மாகாணம் முழுதும் பரவியது. 1971-இல் தளர்த்தப்பட்டு, 1974-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 1981-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கடைகள் திறக்கப்பட்டு 1987-இல் மூடப்பட்டன. டாஸ்மாக் நிறுவனம் 1983-இல் உருவானது. 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இத்தனை முறை திறந்தும் மூடியும் வந்த கதவுக்குப் பின்னால் கள்ளச்சாராயம் மட்டும் நிற்காமல் நடந்தது.

காய்ச்சுவதைவிடக் கடத்துவதுதான் கடினமான வேலை. பானை உடையும், தளும்பும், கண்ணில் படும். அதனால் லாரி டியூப் வந்தது. காற்றுக்குப் பதில் சாராயத்தை நிரப்பி, சைக்கிளிலோ தோளிலோ போட்டுக்கொண்டு போகலாம். கீழே விழுந்தாலும் உடையாது. ரப்பர் நாற்றம் சாராயத்தில் ஏறுவதைக் குடிப்பவர் பொருட்படுத்தவில்லை. அதற்குப் பின் பிளாஸ்டிக் கேனும், சிறு பிளாஸ்டிக் பாக்கெட்டும் வந்தன. பாக்கெட்டை மடியில் செருகிக்கொள்ளலாம். காவலர் வந்தால் கிழித்து ஊற்றிவிடலாம். சாட்சிக்குப் புட்டிகூட மிஞ்சாது.

அமெரிக்கக் கண்ணாடி ஜாடி

கலத்தைச் சுற்றிக் கதைகள் வளர்வது இங்கு மட்டும் நிகழ்ந்ததன்று. 1858 நவம்பர் 30 அன்று ஜான் லேண்டிஸ் மேசன் என்ற அமெரிக்கர், திருகு மூடி கொண்ட கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை பெற்றார். பழமும் காய்கறியும் கெடாமல் பாதுகாக்க வீட்டுப் பெண்கள் வாங்கிய ஜாடி அது. 1920 முதல் 1933 வரை நாடு முழுதும் மதுவிலக்கு இருந்த காலத்தில், மலைநாட்டுக் கள்ளச்சாராயக்காரர்களுக்கும் அதுவே கலமாயிற்று. எந்தக் கடையிலும் கிடைக்கும், வாங்கினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், மூடி இறுக்கமானது. இன்றும் அந்த நாட்டுப் படங்களில் கள்ளச்சாராயம் என்றால் இந்த ஜாடிதான் வரும்.

ஜாடியின் அடியில் 13 என்ற எண் இருந்தால் அது ஆகாது என்று சாராயம் காய்ச்சுவோர் உடைத்துவிடுவார்களாம். அதனால் அந்த எண்ணுள்ள ஜாடிகள் அரிதாகிவிட்டன என்று பழம்பொருள் சேகரிப்போர் சொல்லுவார்கள். உண்மையில் அடியில் உள்ள எண், வார்ப்பு அச்சின் வரிசை எண் மட்டுமே. விலையை ஏற்றுவதற்கு நல்ல கதை ஒன்று போதும் போலிருக்கிறது.

ஜாடியைக் குலுக்கினால் மேலே எழும் குமிழிகளைப் பார்த்துச் சாராயத்தின் வலுவை மதிப்பிடுவதும் அங்கே வழக்கம். இதில் அறிவியல் உண்டு. ஆல்ககாலின் அளவைப் பொறுத்துக் குமிழியின் பருமனும் அது நிலைக்கும் நேரமும் மாறும். கண்ணாடி இல்லாவிட்டால் இந்தச் சோதனையே இல்லை. ஆனால் குமிழி வலுவைத்தான் சொல்லும், நஞ்சைச் சொல்லாது. அமெரிக்காவில் நஞ்சு வந்த வழிகளுள் ஒன்று பழைய மோட்டார் வண்டி ரேடியேட்டர். அதைக் குளிர்விப்பானாகப் பயன்படுத்தியபோது பற்றவைப்பிலிருந்த ஈயம் சாராயத்தில் இறங்கியது. இன்னொரு வழி, திருடப்பட்ட தொழிற்சாலை ஆல்ககால். யாரும் குடிக்கக்கூடாது என்பதற்காக அரசின் ஆணைப்படியே அதில் மெத்தனால் சேர்க்கப்பட்டிருந்தது. 1920-களின் பிற்பகுதியில் அதைக் குடித்துப் பலர் இறந்தனர்.

தீக்குச்சிச் சோதனை

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பரவலாக இருந்த சோதனை தீக்குச்சி. சிறிது சாராயத்தைத் தரையிலோ மூடியிலோ ஊற்றிக் கொளுத்தினால் நீலமாக எரிய வேண்டும். எரிந்தால் நல்ல சரக்கு, எரியாவிட்டால் தண்ணீர் கலந்தது. வாங்குபவரை விற்பவர் ஏமாற்றாமல் இருக்க இது ஓரளவு உதவியது உண்மை. ஆல்ககால் பாதி அளவுக்கு இருந்தால் எளிதில் தீப்பிடிக்கும். தண்ணீர் மிகுந்தால் பிடிக்காது.

சிக்கல் இங்கேதான். மெத்தனாலும் எரியும். அதன் சுடர் எத்தனாலின் சுடரைவிட வெளிறிய நீலம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத அளவு தெளிவானது. ஆக, தீக்குச்சிச் சோதனையில் விஷம் தோற்பதில்லை, நல்ல சாராயத்தைவிட அதிக மதிப்பெண் பெற்றுத் தேறிவிடுகிறது. நிறமும் காட்டிக்கொடுக்காது, இரண்டும் நிறமற்றவை. மணமும் ஏறக்குறைய ஒன்று. தொண்டையில் எரிந்தால் வலுவான சரக்கு என்ற எண்ணமும் இதே வகையில் பயனற்றது.

விற்பவரே முதலில் ஒரு மடக்குக் குடித்துக் காட்டினால் பயமில்லை என்ற நம்பிக்கை இவற்றைவிடவும் ஆபத்தானது. மெத்தனால் தானாக உடனே கொல்வதில்லை. கல்லீரலில் உள்ள நொதி அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்புக்கடியில் உள்ள அதே அமிலம். அது இரத்தத்தில் தேங்கி, கண் நரம்பையும் உயிரணுக்களின் மூச்சையும் தாக்குகிறது. இதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். கூடவே எத்தனாலும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். அதுவரை குடித்தவர் சாதாரணப் போதையில் இருப்பதுபோலவே தெரிவார். 10 மில்லிலிட்டர் தூய மெத்தனால்கூடப் பார்வையைப் பறிக்கக்கூடும். 30 மில்லிலிட்டர் உயிரையே பறித்ததுண்டு.

பானையிலிருந்து வராத நஞ்சு

பழம், தானியம், வெல்லம் எதை ஊறல் போட்டாலும் மெத்தனால் உண்டாகும் அளவு மிகச் சிறியது. பழத்தோலில் உள்ள பெக்டின் சிறிது கூட்டும், அவ்வளவே. ஊறல் சாராயம் உடலைக் கெடுக்கும். ஊமத்தை, நவச்சாரம், பேட்டரிக் கட்டை என்று கண்டதையும் போட்டுக் காய்ச்சினால் இன்னும் கெடுக்கும். ஆனால் ஒரே இரவில் ஓர் ஊரில் இருபது, முப்பது பேரைச் சாய்ப்பது பானையில் விளைந்த நஞ்சு அல்ல. தொழிற்சாலைக்கென்று செய்த மெத்தனாலைத் தண்ணீர் ஊற்றி விற்பதால் வருவது அது. காய்ச்ச வேண்டாம், ஊறல் வேண்டாம், புகை எழாது, காட்டிக்கொடுக்க மணம் இல்லை. ஒரு டிரம் கிடைத்தால் போதும்.

2023 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர்ப் பகுதியிலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். விற்கப்பட்டது சாராயமே அல்ல, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று தடயவியல் ஆய்வுக்குப் பின் காவல்துறை அறிவித்தது. 2019 வரை செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அதே பழைய மாவட்டத்து ஊர்கள். 2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதலில் இறந்தவர்களின் இறுதிச் சடங்குக்கு வந்தவர்களும் அதே சரக்கைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. தாமதமாக வேலைசெய்யும் நஞ்சு என்பதன் பொருள் இதுதான்: சாவுக்குக் காரணம் எதுவென்று தெரியும் முன்பே துக்கம் கேட்க வந்தவர் கையில் அடுத்த பாக்கெட் இருக்கும்.

தொழில் வட்டாரமும் டிரம்களும்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் இன்று கார், லாரி, மின்னணுப் பொருள், உதிரிபாகத் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் 2000 முதல் கண்ணாடியும் செய்கிறார்கள். ஆனால் அது ஜாடிக் கண்ணாடி அல்ல, கட்டடத்துக்கும் வண்டிக்குமான தட்டைக் கண்ணாடி. ஏரிக்கரைப் பனைகள் பல இடங்களில் மறைந்துவிட்டன. ஊறல் போடும் மறைவிடமும் அவற்றோடு போயிற்று எனலாம்.

பெயின்ட், பசை, பிசின், தின்னர், மருந்து என்று மெத்தனால் நுழையாத தொழில் குறைவு. இது குற்றமன்று, அது ஒரு தேவையான கரைப்பான். தமிழ்நாட்டில் அதை வாங்கவும் வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். இயல்பு மாற்றிய சாராயம், மெத்தில் ஆல்ககால், வார்னிஷ் ஆகியவற்றுக்கான விதிகள் 1959 முதலே உள்ளன. மதுவிலக்குக் காலத்தில் மரச்சாமான் மெருகுக்கான வார்னிஷையே குடித்தவர்கள் இருந்ததால்தான் அந்த விதியின் பெயரில் வார்னிஷும் இடம்பெற்றது. 2024 திருத்தச் சட்டம், விஷச்சாராயத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனையும் 10 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க வழி செய்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தொழிற்சாலை ஆல்ககாலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது.

இத்தகைய ஊர்களில் கவனிக்க வேண்டிய இன்னொரு கலம் காலி டிரம். இரசாயனம் வந்த நீல நிற டிரம்கள் காயலான் கடை வழியே வீடுகளுக்கு வந்து தண்ணீர்த் தொட்டியாகின்றன. முன்பு அதில் என்ன இருந்தது என்ற சீட்டு பெரும்பாலும் கிழிந்திருக்கும். டிரம்மின் அடியில் தேங்கிய எதையும் 'ஸ்பிரிட்' என்று யாரேனும் கொடுத்தால், அது எத்தனாலா மெத்தனாலா என்று கண்ணோ மூக்கோ தீக்குச்சியோ சொல்லாது. ஆய்வகம்தான் சொல்லும்.

முதலுதவி பற்றிய தவறான எண்ணங்கள்

மோர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், உப்புத் தண்ணீர் ஆகியவை போதையைத் தெளிவிக்கும் என்பது ஊர் வழக்கு. ஃபார்மிக் அமிலத்தை இவை எதுவும் செய்யா. தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்கவைப்பது எல்லாவற்றிலும் மோசமானது. நினைவு மங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

குடித்த மறுநாள் வயிற்றுவலி, வாந்தி, தலைவலி, மூச்சிரைப்பு, பனிமூட்டம் போலப் பார்வை மங்குதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே அரசு மருத்துவமனைக்கு 108 வண்டியில் கொண்டு செல்ல வேண்டும். ஃபோமெபிசோல் என்ற மருந்தோ, மருத்துவர் அளவிட்டுக் கொடுக்கும் எத்தனாலோ கல்லீரல் நொதியைத் தடுத்து, மெத்தனால் அமிலமாக மாறுவதை நிறுத்தும். சோடியம் பைகார்பனேட் இரத்தத்தின் அமிலத்தன்மையைக் குறைக்கும். டயாலிசிஸ் நஞ்சையும் அமிலத்தையும் வெளியேற்றும். எத்தனால் மாற்று மருந்து என்று கேள்விப்பட்டு வீட்டிலேயே மேலும் மது ஊற்றிக்கொடுப்பது கூடாது.

என்ன குடித்தார், எப்போது, எங்கே வாங்கினார், கூட யார் குடித்தார்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வழக்கு வந்துவிடும் என்று அஞ்சிக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று சொல்லிச் சேர்ப்பவர்கள் உண்டு. அதில் இழக்கும் மணிநேரங்கள் பார்வைக்கும் உயிருக்கும் உரியவை. மிச்சமிருக்கும் பாக்கெட்டோ புட்டியோ இருந்தால் எறியாமல் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. உடன் குடித்தவர்கள் நலமாகத் தெரிந்தாலும் அவர்களையும் அதே வண்டியில் ஏற்ற வேண்டும்.