லேபிளைக் கழட்டிட்டு ராஜாஜியைப் பார்ப்போமா?

இன்னைக்கு மாட்டுத்தாவணியில இருந்து ஆரம்பிக்கலாம்.

வெளியூர் நண்பன் ஒருத்தன் முதல் தடவை மதுரைக்கு வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கினதும் கேட்டான், "மாடு எங்கடா?" ஒரு காலத்துல மாட்டுச் சந்தை கூடின இடம், அதனால அந்தப் பேரு. இப்ப இருக்கறது பஸ் ஸ்டாண்டும், பக்கத்துல பூ மார்க்கெட்டும் காய்கறி மார்க்கெட்டும்தான். எங்க பாஷையில சொன்னா, வேரியபிள் பேரு பழசு, வேல்யூ புதுசு.

கன்சர்வேடிவ், லிபரல்ங்கிற வார்த்தைகளும் இப்படித்தான். இருக்கறதைக் காப்பாத்தணும், மாத்தினாலும் மெதுவா மாத்தணும்னு நினைக்கறவர் கன்சர்வேடிவ். தனிமனுஷ சுதந்திரத்தை முதல்ல வைக்கறவர் லிபரல். சரி, எதுகிட்ட இருந்து சுதந்திரம்? அரசாங்கத்துக்கிட்ட இருந்தா, சாதிக்கிட்ட இருந்தா, வறுமைகிட்ட இருந்தா? பதில் மாறினா ஆளே மாறிடுவார். அமெரிக்காவுல லிபரல்னா, மக்கள் நலனுக்கு அரசு நிறைய செலவு பண்ணணும்னு சொல்றவர். ஆஸ்திரேலியாவுல லிபரல் கட்சிங்கிறதே அந்த ஊர் வலதுசாரிக் கட்சி!

இப்ப நம்ம ஊர் ஆள் ஒருத்தரை எடுத்துக்குவோம். ராஜாஜி. கன்சர்வேடிவ்னு கண்ணை மூடிக்கிட்டு முத்திரை குத்திடுவோம் இல்லையா? கொஞ்சம் பொறுங்க.

1933-ல அவர் பொண்ணு லட்சுமி, காந்தியோட மகன் தேவதாஸைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ஐயர், ஐயங்கார்னு பார்த்த காலத்துல, பிராமண வீட்டுப் பொண்ணுக்கும் பனியா வீட்டுப் பையனுக்கும் கல்யாணம். காத்திருக்கச் சொன்னாங்களே தவிர, முடியாதுன்னு சொல்லலை.

1939 ஜூலை 8. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள வைத்தியநாத ஐயர் தலைமையில கக்கன் உள்ளிட்ட தலித் மக்களும் ஒரு நாடாரும் நுழைஞ்சாங்க. எதிர்ப்பு கிளம்பினப்போ, கூட்டிட்டுப் போனவங்களுக்கு சட்டப் பாதுகாப்பு கொடுக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தது ராஜாஜி அரசு. ஆனா அதுக்கு முந்தின வருஷம், கோயில் நுழைவுக்காக எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதாவை இதே ராஜாஜி ஆதரிக்கலை. மெதுவாப் போகணும்கிறது அவர் கட்சி.

அடுத்து, 1937-ல சேலத்துல மதுவிலக்கு. அதனால குறைஞ்ச வருமானத்துக்காக 1939-ல விற்பனை வரி. 1938-ல பள்ளிக்கூடத்துல கட்டாய இந்தி. எதிர்த்தவங்களை ஜெயில்ல போட்டார். நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்துலயே உயிரை விட்டாங்க. அதே மனுஷன் பின்னாடி, இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகக்கூடாதுன்னு முன்வரிசையில நின்னார்.

1953-ல வந்ததுதான் நமக்கெல்லாம் தெரிஞ்ச குலக்கல்வித் திட்டம். பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பா செய்யற தொழில். பள்ளிக்கூடமும் வாத்தியாரும் பத்தலை, ரெண்டு ஷிப்ட் வச்சா நிறைய பிள்ளைங்க படிக்கலாம்கிறது அவர் வாதம். சாதித் தொழிலுக்கே பிள்ளைங்களைத் திருப்பி அனுப்பறீங்கன்னு பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தாங்க. 1954-ல ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

1959-ல சுதந்திராக் கட்சி. லைசென்ஸ்-பர்மிட் ராஜ் ஒழியணும், வியாபாரத்துல அரசு தலையிடக்கூடாதுன்னு பேசினார். 1967-ல தி.மு.க.வோட கூட்டணி. 1971-ல தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்தப் போகுதுன்னதும், வேண்டாம்னு கேட்டுக்க தள்ளாத வயசுல கலைஞர் வீட்டுக்கே போனார்.

இவரை எந்தப் பெட்டியில போடுவீங்க? கடையில அரசு நுழையக்கூடாது, ஆனா கிளாஸ்ல நுழையலாம். கோயில் கதவு திறக்கணும், ஆனா பையன் அப்பன் தொழிலைக் கத்துக்கணும். ட்ரூவா ஃபால்ஸான்னு ஒரே பதில் சொல்ற விஷயமே இல்லை இது.

ஆனா உத்துப் பார்த்தா ஒரு நூல் தெரியுது. டெல்லியில உக்காந்து திட்டம் போடறவங்களை அவர் நம்பலை. குடும்பத்தையும் கிராமத்தையும் நம்பினார். லைசென்ஸ் ராஜ் எதிர்ப்பு, மதுவிலக்கு, குலக்கல்வி மூணும் இந்த நூல்ல கோர்த்துக்கும். அவர் அளவுகோல்படி பெரும்பாலும் முரண்பாடே இல்லை.

இங்கதான் ஒரு விஷயம் கவனிக்கணும். முரண்பாடு இல்லைங்கிறதாலயே அது சரின்னு ஆயிடாது. குலக்கல்வி அவர் கொள்கையோட கச்சிதமாப் பொருந்துச்சு, ஆனா அது தப்பு. கிராமத்தை நம்பினவர், அந்தக் கிராமத்துல சாதி என்ன பண்ணுதுன்னு கணக்குல எடுக்கலை. கோயில் நுழைவு அந்த நூல்ல சரியாக் கோர்க்காது, ஆனா அதுதான் நியாயம். அதனால ஒருத்தர் எந்தப் பெட்டின்னு கேக்காம, அவர் அளவுகோல் எது, அதை எல்லாருக்கும் ஒரே மாதிரி வைக்கறாரான்னு கேப்போம். அப்புறம் அந்த அளவுகோலே சரியான்னு கேப்போம்.

ரெண்டாவது கேள்விக்கு டெஸ்ட் சுலபம். ஆளை மட்டும் மாத்திப் பாருங்க. நமக்குப் பிடிச்ச கட்சி செஞ்ச ஒரு காரியத்தை, பிடிக்காத கட்சி செஞ்சதா நினைச்சுக்கங்க. உங்க பதில் மாறுதா? மாறினா, கொள்கைன்னு நீங்க நினைச்சது கொள்கை இல்லை, கட்சிக்கொடி. 1938 இந்தியையும் இப்படியே கேக்கலாம்: ராஜாஜிக்குத் திணிப்பே பிடிக்காமப் போச்சா, இல்லை திணிக்கிற கை டெல்லியோடதா மாறினதுதான் பிடிக்கலையா?

ஊரைக் கேக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டுக்கணும். லிபரல்னு சொல்லிக்கிட்டுத் திரியறவன் நான். என் சித்தி பொண்ணு வேற சாதிப் பையனைக் கட்டிக்கறேன்னு சொன்னப்போ, வீடே என் மூஞ்சியைப் பார்த்துச்சு. "கொஞ்சம் யோசிம்மா"ன்னு மழுப்பினேன். நாள் தவறாம கோயிலுக்குப் போற, நான் பழமைவாதின்னு கிண்டல் பண்ற பெரியப்பாதான் வாயைத் திறந்தார். "பையன் நல்லவனான்னு விசாரிச்சீங்களா? அப்புறம் என்னப்பா?" அவ்வளவுதான் சொன்னார்.

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. அவ இன்னும் என்கிட்ட பழைய மாதிரி பேசறதில்லை. பெரியப்பாவைக் கிண்டல் பண்றதை நான் நிறுத்திட்டேன்.

உங்க வீட்டுலயும் தப்பா லேபிள் ஒட்டின ஆள் யாராச்சும் இருப்பாங்க. இந்த வாரம் ஒரு போன் போடுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.