‘கீழே ஏதோ இறங்குது’ என்றால் மறைக்காதீர்கள்



தீட்டு அளவுக்கு மிஞ்சிப் போகிறது. பிள்ளைவலி போல விட்டுவிட்டு வலிக்கிறது. கீழே உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, “எல்லாம் சூடுதான், சரியாப் போயிடும்” என்று வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் உண்டு.

இது கருப்பைக் கட்டியாக இருக்கலாம். கருப்பைத் தசையில் வளரும் இந்தக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. சில கட்டிகள் கருப்பைக்கு உள்ளே, காம்பில் தொங்கும் காய் போல வளரும். கருப்பை அதைப் பிள்ளையைத் தள்ளுவது போலவே தள்ளும். கருப்பை வாய் திறந்து, கட்டி கீழே இறங்கும். வலி அதனால்தான்.

கருச்சிதைவும் அடி இறக்கமும்கூட இப்படித் தோன்றலாம். எது என்று டாக்டர்தான் சொல்ல முடியும். அவர் கீழே பரிசோதித்துக் கட்டியின் காம்பைத் தேடுவார். ஸ்கேன் எடுப்பார், கர்ப்பமா என்று பார்ப்பார், இரத்த அளவும் பார்ப்பார்.

ஒருபோதும் கையால் இழுக்காதீர்கள். இரத்தம் கொட்டும், கருப்பையே புரண்டு வந்துவிடலாம்.

வைத்தியம் என்ன? ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, காம்பைக் கட்டி வெட்டியோ முறுக்கியோ கட்டியைக் கீழ்வழியாகவே எடுப்பார்கள். பலருக்கு வயிற்றைக் கிழிக்கவும் வேண்டாம், கருப்பையை எடுக்கவும் வேண்டாம். இரத்தம் குறைந்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். மிகவும் குறைந்திருந்தால் இரத்தம் ஏற்றுவார்கள். கிருமி பிடித்திருந்தால் அதற்கும் மருந்து உண்டு. எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்புவார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு நனைந்தாலும், மயக்கம், காய்ச்சல், கெட்ட வாடை இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 999-க்குப் போன் செய்யுங்கள்.

“ஒருநாள் சம்பளம் போயிடுமே” என்ற கவலையா? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் வருடத்தில் 60 நாள் வரை சம்பளத்தோடு லீவு உண்டு. எம்.சி.யை வாங்கி வையுங்கள். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள்.

கணவன்மார்களே, “பொம்பளைங்க சமாச்சாரம்” என்று ஒதுங்காதீர்கள். அவள் சொல்லும்போதே கூட்டிக்கொண்டு போங்கள்.